மூன்றாம் தண்ணீர்

ஐயப்பன்தாங்கல்,
11 மார்ச் 2025, செவ்வாய்

கனி,

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து உன் எண்ணைக் கூப்பிட்டால், அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் கொஞ்சமும் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நேற்று ஆபீஸ் முடிந்ததும் அம்பத்தூரிலிருந்து நேராக ஆவடிக்கு வந்தேன். உங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வேப்பிலைக் கொத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். உன் அம்மா ஜன்னல் வழியாகவே, "தம்பி, அங்கயே நில்லுங்க. கனிக்கு அம்மை போட்டிருக்கு. போனெல்லாம் குடுக்கறதில்ல, கண்ணுக்கு ஆகாது. ஏதாச்சும் சொல்லணும்னா எழுதிக் குடுங்க" என்றார். வாங்கி வந்த ஆப்பிளைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியருக்கு விடுப்பு எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

சத்தியமாக எனக்குத் தெரியாது கனி. நம் படத்துக்காக நீ எங்கள் பிளாட் மோட்டார் ரூமிலிருந்து டாக்டர் அமுதாவாக வெளியே வந்தபோது கன்னத்திலும் கழுத்திலும் சிவப்புச் சிவப்பாகப் பொட்டு. விண்வெளியிலிருந்து வந்த கிருமி டாக்டரைத் தொற்றும் காட்சி அது. ஜெபா மேக்கப்பில் பின்னிவிட்டாள் என்று நான் பூரித்துப்போனேன். இன்றைக்கு அவளிடம் கேட்டால், "நான் வரும்போதே கனி மூஞ்சில இருந்துச்சு. நீங்க வேற யாரையோ வெச்சு மேக்கப் போட்டுட்டீங்கன்னு கடுப்புல, நானும் கொஞ்சம் லிப்ஸ்டிக் வெச்சு எடுப்பா காட்டினேன்" என்கிறாள். நீயோ அந்த ரெயின்கோட்டு உடுப்பினால் வந்த வேர்க்குரு என்றாய். ஆக, நிஜமான ஒரு கிருமியை நாம் எல்லோரும் கூடி நின்று நடிக்க வைத்திருக்கிறோம்.

இதைச் சொல்லலாமா தெரியவில்லை, ஆனால் காட்சி அபாரமாக வந்திருக்கிறது. நீ மயங்கி விழுந்த இடத்தைப் பார்த்து, கேமரா பிடித்த ரசாக்கே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இனி ஒரே ஒரு காட்சிதான் பாக்கி. படத்தைப் போட்டிக்குக் காட்ட வேண்டிய பிளாட் ஆண்டு விழா 30ஆம் தேதி. அதற்குள் எழுந்துவிடுவாயா?

கோகுல்நாத்


ஆவடி,
13 மார்ச் 2025

இயக்குநர் அவர்களுக்கு,

என் போன் அரிசி டிரம்முக்குள் இருக்கிறது. அம்மா அதன்மேல் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம். உன்மேல் பிரியம் பொங்கி எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே.

நான் மயங்கி விழவில்லை கோகுல். விழப்போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் விழுந்தேன். "தலை சுத்துதுடா" என்றேன். நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "சூப்பர், அப்படியே வெச்சுக்கோ." விழுந்த பிறகு ரசாக் கேமராவைக் கீழே வைக்கப் போனபோது, "கட் சொல்லல, கட் சொல்லல" என்று கத்தினாய். என் காதில் கடைசியாக விழுந்தது அதுதான். நோன்பு வைத்துக்கொண்டு நாக்கு வறண்டு நின்ற ரசாக்தான் என்னை ஆட்டோவில் ஏற்றினான். நீ மானிட்டரில் என் மூஞ்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இந்தப் படத்தை ஆரம்பித்து வைத்ததே நான்தான். ஆபீஸ் கேன்டீனில் என் தயிர்சாதம் காய்ந்துபோகும்வரை உன் லேப்டாப்பில் அந்தப் பழைய ஆங்கிலப் படத்தைப் பார்த்தோமே, வானத்திலிருந்து விழுந்த கிருமி ஓர் ஊரையே சாய்த்துவிடும் படம். நம்ம ஊரில் விழுந்தால் எங்கே விழும் என்று நீ கேட்டாய். வெள்ளானூர் ஏரியில் என்று சொன்னது நான். அதை மறந்துவிடாதே.

என் நிலவரம்: வேப்பிலைமேல் படுக்கை. தொழிற்சாலை ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். அம்மா அதையும் தருகிறாள், இளநீரும் தருகிறாள். வீட்டில் தாளிப்பு கிடையாது. கடுகு வெடிக்கும் சத்தத்துக்கு ஒரு மனுஷி ஏங்க முடியும் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். முகம் பார்க்கும் கண்ணாடியை அம்மா எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டாள். சொறியக் கூடாது, வேப்பிலையால் தடவிக்கொள்ளலாம். சொறிய முடியாத ஆத்திரத்தையெல்லாம் இந்தக் கடிதத்தில் தீர்த்துக்கொண்டேன்.

நான் வருகிறவரை கடைசிக் காட்சியைத் தொடாதே.

கனிமொழி


ஐயப்பன்தாங்கல்,
15 மார்ச் 2025

கனி,

ரசாக் கொண்டுவந்த உன் கடிதத்தைக் கையில் வாங்கவில்லை. கோபப்படாதே. எனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதில்லை. ரசாக் பால்கனியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டான். வெயிலில் காயவைத்து, இஸ்திரிப் பெட்டியால் இரண்டு பக்கமும் தேய்த்து, நம் படத்தில் வருகிற மஞ்சள் கையுறையைப் போட்டுக்கொண்டு படித்தேன். ரசாக் தலையிலடித்துக்கொண்டான். "இன்னா தலைவரே, லவ் லெட்டருக்கு இஸ்திரி போடுற மொதோ ஆளு நீதான்" என்றான். லவ் லெட்டர் இல்லை, வசவு லெட்டர் என்று திருத்தினேன். "ரெண்டும் ஒண்ணுதான், எனக்குக் கண்ணாலம் ஆயிட்ச்சு, தெரியும்" என்கிறான்.

கட் சொல்லாதது தப்பு. மன்னித்துவிடு. அந்த நேரம் என் கண்ணுக்கு நீ தெரியவில்லை, டாக்டர் அமுதாதான் தெரிந்தாள். இப்போது அந்தக் காட்சியை ஓடவிட்டால் நீதான் தெரிகிறாய். முழுசாகப் பார்க்க முடியவில்லை, பாதியிலேயே மூடிவிடுகிறேன்.

ஆனால் ஆண்டு விழா காத்திருக்காது. செயலாளர் சரவணக்குமாரைத்தான் உனக்குத் தெரியுமே, நம் படத்தில் ராணுவ அதிகாரியாக வந்த நாளிலிருந்து பிளாட்டிலும் அப்படித்தான் நடக்கிறார். இருபத்தைந்தாம் தேதிக்குள் படத்தைக் கையில் கொடுக்காவிட்டால் நம் இடத்தில் ஜூனியர்களின் மாறுவேடப் போட்டியை வைத்துவிடுவாராம். அதனால் ஒரு யோசனை. கடைசிக் காட்சியில் டாக்டர் அமுதா உடுப்பு, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு, கிருமியோடு ஆய்வுக்கூடத்தையும் தன்னையும் சேர்த்து வெடிக்க வைக்கிறாள். முகம் தெரியாது. எங்கள் மூன்றாவது மாடி ரேவதி உன் உயரம்தான். அவளை உள்ளே நிறுத்தி எடுத்துவிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தெர்மாகோல் ஆய்வுக்கூடம் தயார். தீபாவளிக்கு மிஞ்சிய புஸ்வாணமும் இருக்கிறது.

சரி என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பு.

கோகுல்


ஆவடி,
17 மார்ச் 2025

கோகுல்,

சரி என்று எழுத மாட்டேன்.

யாருக்கும் வித்தியாசம் தெரியாதாமே. எனக்குத் தெரியும்டா. மூன்று மாதம் சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் அந்த மோட்டார் ரூமில் வெந்தது நான். அமுதா எப்படி நடப்பாள், பயந்தால் எந்தக் கையால் கழுத்தைத் தொடுவாள் என்பதெல்லாம் என்னுடையது. கடைசிக் காட்சியில் ரேவதியாம்.

நேற்று சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வெயிலில் காயவைத்திருந்தார்கள். அதில் என் முகத்தை எட்டிப் பார்த்தேன். மூக்கின் மேலேயே பெரிதாக ஒன்று இருக்கிறது. இது வடுவாக நின்றுவிட்டால்? அதனால்தான் முகம் தெரியாத காட்சி, முகம் தெரியாத ரேவதி என்று யோசிக்கிறாயோ என்று தோன்றியது. தோன்றியதும் அழுதேன். அழுதால் முகம் எரிகிறது என்பதால் நிறுத்தினேன். இதை ஏன் உன்னிடம் மறைக்க வேண்டும்?

இன்னொரு விஷயம். அம்மா சாயங்காலம் விளக்கு வைத்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறாள். என்னிடம் இல்லை, என்மேல் வந்திருப்பவளிடம். "வந்துட்டே, இரு. குளுந்து இரு. எம் பொண்ணைப் படுத்தாத. போறப்ப சொல்லிட்டுப் போ தாயே." ஏதோ தூரத்துச் சொந்தம் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிவிட்ட மாதிரி அத்தனை மரியாதை. திட்டு கிடையாது, விரட்டல் கிடையாது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன். நம் அமுதா படம் முழுக்க நெருப்பு வைக்கிறாள், அமிலம் ஊற்றுகிறாள், மின்சாரம் பாய்ச்சுகிறாள். கிருமி பெருகிக்கொண்டே போகிறது. அவள் ஒரு தடவைகூட அது எதற்கு வந்தது என்று கேட்கவில்லையே.

என் முடிவு இது. அமுதா வெடிக்கவில்லை. காய்ச்சலில் கிடந்து பிழைக்கிறாள். அவள் உடம்பு அந்தக் கிருமியை ஒருமுறை அறிந்துகொண்டது, இனி அவளை அது ஒன்றும் செய்யாது. உன் விஞ்ஞானமும் அதைத்தானே சொல்கிறது? அப்படிப் பிழைத்தவள் மட்டும்தான் அடுத்த நோயாளியின் பக்கத்தில் உடுப்பில்லாமல் உட்கார முடியும். அவள் போய் உட்காருகிறாள். தண்ணீர் ஊற்றி வழியனுப்புகிறாள். முடிந்தது படம்.

எனக்காகக் காத்திரு கோகுல்.

கனி

பி.கு. ரசாக் ஜன்னலடியில் நிற்கிறான். அம்மா மோர் நீட்டினாள். "நோன்பு வெச்சிகினு கீறேன் ஆன்ட்டி, சாய்ந்தரமா வந்து ரெண்டு டம்ளரா குட்ச்சிக்கிறேன்" என்கிறான்.


ஐயப்பன்தாங்கல்,
19 மார்ச் 2025

கனி,

காத்திருக்கவில்லை. நேற்று எடுத்தோம்.

முதலில் உன் முகத்தைப் பற்றி. உன் மூக்கின்மேல் ஒன்று என்ன, ஒன்பது இருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. ரேவதியை நான் நினைத்தது தேதிக்காக மட்டும்தான். இதை நீ நம்பித்தான் ஆக வேண்டும்.

அடுத்து உன் முடிவு. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது விஞ்ஞானப் படம். கடைசியில் வேப்பிலையை நீட்டினால் சாமி படம் என்று சிரிப்பார்கள். வெடிக்க வேண்டும். தியேட்டரில் ஆள் எழுந்து கைதட்டுவதே வெடிக்கிற இடத்தில்தான்.

நேற்று நிஜமாகவே எழுந்தார்கள். ரேவதிக்கு உடுப்புக்குள் தோள் நுழையவில்லை. முதுகுப் பக்கம் கிழித்து ஜெபா ஊக்கு குத்தினாள். புஸ்வாணத்தைப் பற்ற வைத்ததும் தெர்மாகோல் பிடித்துக்கொண்டது. கார் நிறுத்துமிடம் முழுக்கப் புகை. சரவணக்குமார் ராணுவ உடுப்பிலேயே ஓடிவந்து மணல் வாளியைத் தூக்கி வீசினார். மணல் தீயின்மேல் விழவில்லை, ரேவதிமேல் விழுந்தது. தீயை வாட்ச்மேன் துலுக்கானம் தன் குடிதண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்து அணைத்துவிட்டு, "இன்னா சார், கிருமியக் கொல்றேன்னு காரைக் கொளுத்தப் பாத்தியே" என்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரேவதி மட்டும் இனி என்னோடு பேச மாட்டாளாம்.

வெடித்தது வரைக்கும் பதிவாகியிருக்கிறது. ஒப்பேற்றிவிடலாம் என்று நினைக்கிறேன்.

கோகுல்


ஆவடி,
21 மார்ச் 2025

கோகுல்நாத்,

இன்று அம்மை இறங்க இரண்டாம் தண்ணீர் ஊற்றினார்கள். வெயிலில் வைத்த தண்ணீர், வேப்பிலை, மஞ்சள். உடம்பு லேசாகிவிட்டது.

ரேவதியை வைத்தே முடித்துக்கொள். படத்தில் என் பெயரைப் போட வேண்டாம். கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், பார்த்தேன். ஒன்றும் மோசமில்லை. மூக்கின்மேல் இருப்பது மட்டும் கொஞ்ச நாள் இருக்கும் போலிருக்கிறது.

ஆண்டு விழாவுக்கு நான் வரவில்லை. ரசாக்கை இனி அனுப்ப வேண்டாம், நோன்புக்காரனை அலையவிடாதே.

கனிமொழி


ஐயப்பன்தாங்கல்,
25 மார்ச் 2025

கனி, கனி, கனி,

ரசாக்கை அனுப்பாதே என்றாய். அவனாகத்தான் வருகிறான். வாசற்கதவைச் சாத்திவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதுகில் ஒன்று. கொசுக்கடி என்று நினைத்தேன். மதியம் வயிற்றில் நாலு. சாயங்காலம் நானே ஒரு விண்வெளிப் படமாகிவிட்டேன். உன் கடிதத்துக்கெல்லாம் இஸ்திரி போட்டதில் ஒரு பயனும் இல்லை. அன்றைக்கு மோட்டார் ரூமிலேயே நீ எனக்குக் கொடுத்துவிட்டாய் என்று டாக்டர் சொல்கிறார். என்னோடு தங்கியிருந்த விஷ்ணு லேப்டாப்பை மட்டும் எடுத்துக்கொண்டு தாம்பரத்துக்கு ஓடிவிட்டான். சாத்தூரிலிருந்து அம்மா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். வந்ததும் செய்த முதல் காரியம் என் போனைப் பிடுங்கியது. இரண்டாவது, வாசலிலும் லிஃப்ட் கதவிலும் வேப்பிலை கட்டியது.

லிஃப்டில் கட்டக் கூடாது, அசோசியேஷன் விதி இருக்கிறது என்று சரவணக்குமார் வந்தார். அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்: "விதியெல்லாம் இருக்கட்டும்யா. வந்திருக்கிறவ யாருன்னு தெரியுமா? இருக்கன்குடி மாரியாத்தா. நீங்களே வந்து அவகிட்ட சொல்லுங்க, லிஃப்டுல ஏறாதன்னு." மனிதர் ராணுவ மிடுக்கையெல்லாம் விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். படத்தைக் கொடுக்கும் தேதியையும் அவராகவே 29க்குத் தள்ளிவிட்டார்.

நேற்று விளக்கு வைத்த பிறகு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உன் அம்மா சொன்னதையே சொன்னாள் கனி. ஊர்தான் வேறு, வார்த்தை அதேதான். "வந்துட்ட, இருந்துட்டுப் போ. புள்ள தாங்க மாட்டான், பையப் போ ஆத்தா." எனக்குக் காய்ச்சல் கொதித்தது. தொண்டைக்குள்ளும் கொப்புளம். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டதும் பயம் விட்டது. வெடிக்கிற காட்சியை நினைத்துப் பார்த்தேன். இப்படிப் படுத்துக்கிடக்கிற ஒருவனுக்கு அது எதற்கு உதவும்? நீ சொன்ன முடிவுதான் முடிவு. நான் மடையன்.

ரேவதி காட்சியை அழித்துவிட்டேன். ரசாக்கை விட்டு அழிக்கச் சொன்னேன், அவன் ஆசையோடு அழித்தான்.

இப்போது படத்துக்கு நோயாளி தயாராக இருக்கிறான், மேக்கப் தேவையில்லை. பிழைத்து எழுந்த டாக்டர்தான் வேண்டும். வருகிறாயா? நீயே இயக்கு. என்னால் எழுந்து நிற்க முடியவில்லை.

கோகுல்


ஆவடி,
26 மார்ச் 2025

அன்புள்ள நோயாளிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் ஐந்து நிமிடம் சிரித்தேன். அம்மா பதறி ஓடிவந்தாள். அவளிடமும் படித்துக் காட்டினேன். அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, "பாவம்டி, சாத்தூர்க்காரம்மா தனியா என்ன பண்ணுவாங்க" என்று இளநீர் வாங்க ஆள் அனுப்பினாள். உனக்கு வலிக்கிறதா? தொண்டையில் இருப்பதுதான் பெரும்பாடு. மோர் குடி, கொஞ்சம் கொஞ்சமாக.

திங்கட்கிழமை எனக்குக் கடைசித் தண்ணீரான மூன்றாம் தண்ணீர் ஆகிவிட்டது. நேற்று திருவேற்காட்டுக்குப் போய் அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தோம். வீட்டில் கடுகு வெடித்தது. போன் அரிசி வாசனையோடு திரும்பி வந்தது. ஆனால் உன் போன்தான் இப்போது சிறையில் இருக்கிறதே.

வருகிறேன். நிபந்தனைகள் உண்டு. ஒன்று, படத்தின் பெயர் நீ வைத்த 'பூஜ்ஜிய நொடி' இல்லை, 'மூன்றாம் தண்ணீர்'. இரண்டு, என் மூக்கின்மேல் இருப்பதை ஜெபா மறைக்கக் கூடாது, அது நன்றாகத் தெரிய வேண்டும். மூன்று, நான் நடித்துக்கொண்டிருக்கும்போது நானே நிறுத்த முடியாது. அதனால் படுத்தபடியே கட் நீதான் சொல்ல வேண்டும். போன தடவை நீ முழுங்கிய 'கட்'டையும் சேர்த்து, ஒழுங்காக, நேரத்துக்கு.

நாளைக் காலை ரசாக்கோடு வருகிறேன். அம்மாவிடம் சொல்லிவை.

கனி


ஐயப்பன்தாங்கல்,
28 மார்ச் 2025

கனி,

நேற்று நீ போன பிறகு அம்மா எனக்கு வேப்பிலையை மாற்றிப் போட்டாள். பிறகு, "அந்தப் புள்ளைக்குப் பயமே இல்லையேடா" என்றாள். உன்னை அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. ரிங் லைட்டைப் பிடிக்கச் சொன்னாயே, அந்தப் பெருமை அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. சாத்தூருக்குப் போன் போட்டு, "நான்தான் லைட்டு புடிச்சேன், நான் இல்லன்னா படமே இருட்டு" என்கிறாள்.

கட் சொல்லாததற்கு நீ முறைத்துவிட்டுப் போனாய். நேரில் பதில் சொல்ல முடியவில்லை, ரசாக், அம்மா இரண்டு பேரும் நின்றார்கள். இப்போது சொல்கிறேன்.

நீ உள்ளே வந்து, தலையுறையைக் கழற்றி, கையுறையை விரல் விரலாக உருவி, பாயோரம் உட்கார்ந்து என் நெற்றியில் கைவைத்தாய். "வந்துட்டே, இரு. போறப்ப சொல்லிட்டுப் போ" என்று கிருமியிடம் சொன்னாய். வசனம் அங்கே முடிந்தது. நான் கட் சொல்ல வேண்டியது அங்கேதான். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் கையை எடுத்துவிடுவாயே என்று சொல்லவில்லை. இத்தனை நாளில் என்னைத் தொடக்கூடிய நிலையில் இருந்தது அம்மாவை விட்டால் நீ ஒருத்திதான். கை குளிர்ச்சியாக இருந்தது. "இன்னா தலைவரே, கட்டு சொல்ல மாட்டியா, கார்டு ரொம்பிடும் போலகீதே" என்று ரசாக் கேட்கிறவரை நான் வேறு எதையும் நினைக்கவில்லை.

அன்றைக்கு நான் கட் சொல்லாதது படத்துக்காக. நேற்று சொல்லாதது எனக்காக. எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது கனி. கேன்டீனில் உன் தயிர்சாதம் காய்ந்த நாளிலிருந்தே பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். போனில் அனுப்பியிருந்தால் பயந்துபோய் அடுத்த நொடியே அழித்திருப்பேன். இது காகிதம், பேனாவால் எழுதிவிட்டேன், ரசாக் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை கீழே படம் ஓடும். எனக்கு முதல் தண்ணீரே ஆகவில்லை, இறங்கி வர அம்மா விட மாட்டாள். என் படத்தை நானே பார்க்க முடியாது. நீ பார்த்துவிட்டு வந்து எழுது. அதோடு, இந்தக் கடிதத்துக்குப் பதிலும் எழுது.

கோகுல்


ஆவடி,
31 மார்ச் 2025, திங்கள்

கோகுல்,

இன்று ரசாக்குக்குப் பெருநாள். காலையிலேயே புதுச்சட்டையில் பிரியாணியோடு வந்து உட்கார்ந்திருக்கிறான். "எழுதி முட்ச்சிட்டியா இல்லியாமா, ஊட்ல அல்லாரும் எனக்காக வெய்ட் பண்ணிகினு கீறாங்க" என்று அவசரப்படுத்துகிறான். ஆனாலும் எல்லாவற்றையும் எழுதித்தான் அனுப்புவேன்.

நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். திரைக்குப் பின்பக்கத்திலிருந்து பார்த்திருப்பாய், உனக்கு நான் இடதுகைக்காரியாகத் தெரிந்திருப்பேன். முன்பக்கம் நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

வெள்ளானூர் ஏரியில் அந்தப் பந்து விழுந்தபோது பின்வரிசையில் விசிலடித்தார்கள். சரவணக்குமார் திரையில் வந்ததும் அவர் மனைவி வீடியோ எடுக்க ஆரம்பித்து, கடைசிவரை போனைக் கீழே இறக்கவேயில்லை. நான் மயங்கி விழுந்த இடத்தில் ஒருத்தர்கூட மூச்சு விடவில்லை. ரேவதி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "நல்லவேளைக்கா, நான் நடிச்சது வரல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன்னை மன்னித்துவிட்டாளாம், ஆனால் மணலை இன்னும் மறக்கவில்லையாம்.

கடைசிக் காட்சி வந்தது. என் மூக்கு திரை முழுக்க, அதன்மேல் அந்தப் பொட்டு. எனக்கே கண் கூசியது. யாரும் சிரிக்கவில்லை. நான் உன் நெற்றியில் கைவைத்ததும் கூட்டத்தில் ஓர் அம்மா தன் பக்கத்தில் இருந்தவரிடம், "என் மகளுக்குப் போட்டப்ப நானும் இப்படித்தான் பேசினேன்" என்று சத்தமாகச் சொன்னார். நீ கட் சொல்லாமல் விட்டதையெல்லாம் ரசாக் அப்படியே வைத்திருக்கிறான். எவ்வளவு நேரம் என் கை அங்கேயே இருக்கிறது! வெட்கங்கெட்டவர்களா, இரண்டு பேரும் சேர்ந்து சதி செய்திருக்கிறீர்கள்.

பிறகு மொட்டைமாடி வெயிலில் அந்தத் தண்ணீர்க் குடம். வேப்பிலை மிதக்கிறது. தண்ணீர் ஊற்றும் சத்தம். திரை வெள்ளையாகிறது. அப்போது மேலே உன் ஜன்னலிலிருந்து உன் அம்மா குலவை போட்டார்கள் பார், சாத்தூரையே அங்கே இறக்கிவிட்டார்கள். கீழே திருநெல்வேலிக்காரர்கள் எழுந்து பதில் குலவை போட்டார்கள், அப்புறம் மதுரைக்காரர்கள். குலவை தெரியாத சென்னைக்காரர்கள் கைதட்டினார்கள். வாட்ச்மேன் துலுக்கானம் வாளியைத் தட்டினார். உன் வெடிகுண்டுக்குக்கூட இவ்வளவு சத்தம் வந்திருக்காது. நான் நின்றபடியே அழுதேன். இந்தத் தடவை முகம் எரியவில்லை.

முதல் பரிசு நமக்குத்தான். குக்கர். அதை யார் வைத்துக்கொள்வது என்று ரசாக் கேட்டான். உன் அம்மா ஜன்னலிலிருந்தே, "எதுக்குய்யா பிரிக்கணும், ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே அடுப்புல இருக்கட்டும்" என்றார்கள். பிளாட் முழுக்கக் கேட்டது. என் அம்மாவும் அங்கேதான் இருந்தாள். திரும்பி வரும்போது பூந்தமல்லியில் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு மெதுவாக, "அந்தப் பையன் கட் சொல்லாம விட்டானே, நடிப்பா நெசமா?" என்று கேட்டாள். நெசம் என்றேன். உன் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். அப்பா ஏற்கெனவே படித்துவிட்டாராம். மடித்திருந்த விதம் மாறியிருந்தது.

எனக்கும் உன்னைப் பிடித்திருக்கிறது. மயங்கி விழுந்த அன்றைக்கு மட்டும் பிடிக்கவில்லை.

முதல் தண்ணீரை ஒழுங்காக ஊற்றிக்கொள். அவசரப்படாதே, சொறியாதே, அவள் மரியாதையாகக் கிளம்பட்டும். உனக்கு மூன்றாம் தண்ணீர் ஆன மறுநாள் நாங்கள் எல்லோரும் வருகிறோம், அப்பாவும்தான். அன்றைக்கு வாசலில் இருக்கிற வேப்பிலையை உன் அம்மா அவிழ்ப்பார்கள் இல்லையா? அந்தக் கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று சொல். அதே கயிற்றில் மாவிலை கட்டச் சொல்.

கனி